கழுநீர் சென்ற வழி: எல்லைத் தமிழர் இல்லத் தூய்மை வரலாறு

மன்னர்தம் போர்களையும் கோயில்தம் திருப்பணிகளையும் எழுதுவதே வரலாறு என்று கருதியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று மக்கள் உண்டது என்ன, உடுத்தது என்ன, எவ்வாறு வாழ்ந்தனர் என்பனவும் வரலாற்றின் பகுதிகளாகவே எண்ணப்படுகின்றன. ஆயினும், நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து முற்றம் தெளித்து, வீடு பெருக்கி, கலம் துலக்கி, துணி துவைத்த கைகளின் வரலாறு இன்னும் நன்கு எழுதப்படவில்லை. அவ்வரலாற்றில் நம் எல்லைப்புறத் தமிழர்க்கு உரிய ஒரு சிறு பகுதியை இவ்வாண்டு விழா மலரில் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

புறத்தூய்மைக்கு நீரையும் அகத்தூய்மைக்கு வாய்மையையும் காட்டிச் சென்றார் வள்ளுவர். நீர் நம்மைத் தூய்மை செய்யும் என்பது சரி. நீரைத் தூய்மையாக வைத்திருப்பது யார் கடன்? நம் வீட்டைக் கழுவிய நீர் எங்கே செல்கிறது? இவ்விரு வினாக்களையும் கையில் ஏந்திக்கொண்டு பழமையையும் புதுமையையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லை நாடும் மக்களும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்கள் உள்ளன. இவ்வூர்களில் தமிழ் வழங்குவது நேற்று இன்று தோன்றியதன்று. சிற்றூர் வட்டம் அந்நாளில் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. அதனைச் சூழ்ந்த பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1955 இல் மலம்புழை அணையைத் திறந்து வைத்தவர் சென்னை மாநில முதலமைச்சர் காமராசர் என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். தெற்கே தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்கு உரியவையாய் இருந்தன. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவையனைத்தும் கேரளத்தோடு சேர்ந்தன. 1972 சனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் பிறந்தது.

மூணாற்று மலைகளில் 1877 இல் பூஞ்ஞாற்று அரசரிடம் குத்தகை பெற்றார் ஜான் டேனியல் மன்றோ. அதன்பின் அம்மலைகளில் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிமாரின் பின்னே திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து மக்கள் மலையேறினர். மறையூர், காந்தளூர் முதலிய ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கில் அதற்கு முன்னரே தமிழ்க் குடிகள் வாழ்ந்து வந்தனர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. முதுவர், மலைப்புலையர், இருளர், இரவாளர், மலசர் முதலிய தொல்குடியினரோ எவருக்கும் முன்னரே இம்மண்ணில் வாழ்பவர்கள். இவ்வாறு ஆற்றங்கரை அக்ரகாரம், சமவெளிக் குடியானவர் வீடு, மலைத் தோட்டத்து லயம், காட்டுக் குடி என நால்வகை இல்லங்கள் நம் எல்லையில் உண்டு. நால்வகை இல்லங்களிலும் தூய்மை பேணிய முறை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்பது வியப்புக்குரியது.

காடும் வயலும் அடுப்பும் தந்த பொருள்கள்

பழந்தமிழர் துணி வெளுத்த முறைக்குப் புறநானூற்றிலேயே சான்று உண்டு. அந்நூலின் 311 ஆம் பாட்டு, களர் நிலத்துக் கிணற்றைத் தோண்டி நாள்தோறும் ஆடை வெளுக்கும் புலைத்தி ஒருத்தியைக் குறிப்பிடுகின்றது. களர் நிலத்தை அவள் நாடியது ஏன்? அந்நிலத்து நீரில் கரைந்துள்ள உப்புகளுக்குக் காரத்தன்மை உண்டு. காரம் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். பிற்காலத்து வண்ணார் பெருமக்கள் உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து, பானையின் மேல் அடுக்கி, ஆவியில் வேகவைத்த வெள்ளாவி முறையும் இவ்வறிவின் வழிவந்ததே. வேதியியல் நூல் கல்லாத ஒரு பெண் ஈராயிரம் ஆண்டுகட்கு முன் மண்ணின் குணம் அறிந்து பயன்படுத்தினாள் என்றால், அவ்வறிவை நாம் எளிதாக எண்ணலாகாது.

துணிக்கு உவர்மண் உதவியதுபோல் தலைக்கும் நகைக்கும் பட்டுக்கும் உதவியவை சீயக்காயும் பூவந்திக் கொட்டையும். பூவந்தியைப் பூந்திக்கொட்டை என்றும் வழங்குவர். இரண்டும் மலைக்காட்டின் விளைவுகள். தொல்குடி மக்கள் அவற்றைத் திரட்டிச் சமவெளிச் சந்தைக்கு அனுப்பினர். இக்காய்களின் தோலில் சபோனின் என்னும் நுரைப்பொருள் உண்டு. அது நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, அழுக்கினுள் நீர் புகுமாறு செய்கிறது. அழுக்கைச் சூழ்ந்து பிரித்து நீரோடு கொண்டு செல்கிறது. பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்துவிடுகின்றன. காட்டில் விளைந்தது மீண்டும் மண்ணிலேயே மறைகிறது.

கலம் துலக்குவதற்கு அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் இருந்தன. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உள்ளது. அது கலத்தில் படிந்த எண்ணெயோடு கூடி அங்கேயே சிறிதளவு சவர்க்காரமாக மாறும். சாம்பலின் நுண்துகள் கரியைத் தேய்த்து எடுக்கும். பித்தளைக்கும் செம்புக்கும் புளி உதவியது. புளியின் அமிலம் களிம்பைக் கரைத்தது. நிலைப்படிக்கும் குத்துவிளக்குக்கும் செங்கற்பொடி போட்டுத் தேய்த்தவரும் உண்டு.

சுவருக்குச் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பை நீரில் தாளித்து அடிக்கும்போது அதன் கடுங்காரம் பூசணத்தையும் புழுப்பூச்சியையும் அண்டவொட்டாது. நாட்போக்கில் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாகவே இறுகுகிறது. மழைக்காலத்து ஈரம் சுவரில் தங்காமல் வெளியேறவும் இடந்தருகிறது. தரைக்குச் சாணமும் மண்ணும் சேர்ந்த மெழுக்கு. தென்னை ஓலையின் ஈர்க்கு முற்றத்துக்கு விளக்குமாறாயிற்று, பூந்துடைப்பம் அகத்துக்காயிற்று. தேய்ந்துபோன விளக்குமாறும் இறுதியில் அடுப்புக்கே சென்றது. அதன் சாம்பல் கலம் துலக்க வந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தூய்மை செய்யும் வழக்கமும் இருமொழியினரிடத்தும் உண்டு. கொங்கு நாட்டை அடுத்த சிற்றூர்ப் பகுதித் தமிழர் பொங்கலுக்கு முன் ஒட்டடை அடித்து, வெள்ளை பூசி, பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவர். மலையாள மக்களோ கர்க்கடக மாதத் தொடக்கத்தில் வீட்டை அலம்பி, சேட்டையை வெளியேற்றித் திருவை உள்ளே அழைப்பர். ஒரு தெருவில் தையிலும் அடுத்த தெருவில் கர்க்கடகத்திலும் மூதேவி விரட்டப்படுகின்றாள். கூடி வாழும் இருமொழியினர் ஒரே கருத்தை இருவேறு மாதங்களில் கொண்டாடுகின்றனர் என்பதை எண்ண உள்ளம் உவக்கின்றது.

கழுநீர்த் தொட்டியின் பொருள்

இவ்விடத்தில் ஒரு சொல்லை ஆராய்தல் வேண்டும். ‘கழுநீர்’ என்பது அரிசி களைந்த நீரைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல். நம் வீடுகளின் பின்புறத்தில் கழுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் அதில் சேர்ந்தன. மாலையில் மாடு அதனைக் குடித்தது. சாம்பலிட்டுக் கலம் கழுவிய நீர் வாழையடிக்குச் சென்றது; குளித்த நீர் தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் பாய்ந்தது. வீட்டை விட்டு வெளியேறிய நீர் யாவும் ஓர் உயிருக்கு உணவாயிற்று. சாக்கடை என்பது அந்நாளைய சிற்றூர் வீட்டுக்குத் தேவைப்படவே இல்லை எனலாம்.

இன்று நாம் கலம் கழுவும் நீரை எந்த மாட்டுக்கு வைக்க இயலும்? இவ்வொரு வினாவே பழைய தூய்மைக்கும் புதிய தூய்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டப் போதுமானது.

மலைமேல் மணந்த புல்

சமவெளிக்குச் சாம்பலும் சுண்ணாம்பும் போல, மலைநாட்டுக்கு ஒரு தனிச்சிறப்பான பொருள் உண்டு. அதுவே புல்தைலம். எலுமிச்சை மணமுடைய ஒருவகைப் புல் மறையூர், சின்னாறு முதலிய வறண்ட மலைச்சரிவுகளில் தழைக்கின்றது. முதுவரும் பிறரும் அதனை அறுத்து, பெரிய கலத்தில் அடைத்து, நீரிட்டு அடியில் தீ மூட்டுவர். எழும் ஆவி ஒரு குழாய் வழியே குளிர்நீருக்குள் சென்று இறங்கும். அங்கே குளிர்ந்து நீரும் எண்ணெயுமாகப் பிரியும். மேலே மிதக்கும் மஞ்சள் நிற எண்ணெயே புல்தைலம்.

இவ்வெண்ணெய் கொச்சித் துறைமுகத்திலிருந்து கப்பலேறியமையால் உலகச் சந்தையில் ‘கொச்சி எண்ணெய்’ என்றே பெயர் பெற்றது. இதனுள் முக்காற்பங்கு அளவுக்குச் சிட்ரால் என்னும் மணப்பொருள் உண்டு. வாசனைச் சோப்புக்கும், உயிர்ச்சத்து ‘ஏ’ செய்வதற்கும் மேலை நாட்டார் இதனை விரும்பி வாங்கினர். 1951 இல் எறணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் இப்புல்லுக்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. உலகம் விரும்பிய இத்தைலத்தில் சில துளிகளை ஒரு வாளி நீரில் கலந்து தரை துடைத்தால் ஈயும் கொசுவும் அகலும். மழைக்காலத்து முடைநாற்றம் நீங்கும்.

ஆயினும் மலைமேல் எல்லாம் மணந்தது என்று எழுதிவிட்டால் அது வரலாறாகாது. தோட்டத்து லயங்களில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமே ஒரு குடும்பத்துக்கு உரியவை. காலையில் கொழுந்துக் கூடையோடு மலையேறி மாலையில் திரும்பும் தாய், அதன்பின்னரே வீட்டையும் தூய்மை செய்தாள். சுவருக்கு வெள்ளையடிப்பது தோட்ட முதலாளியின் கையில் இருந்தது. குடிநீர், கழிப்பிடம், வீடு ஆகியவற்றைத் தருவது முதலாளியின் கடமை என 1951 இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் வந்தும் குறைகள் தீர்ந்தபாடில்லை. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் பீருமேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது லயங்களின் பராமரிப்பும் நின்று போயிற்று. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்வோரிடம் தூய்மையின் சிறப்பைப் பேசுமுன், தூய்மைக்கு வேண்டிய நீரும் இடமும் அவர்க்கு உண்டா என்று நாம் கேட்டாக வேண்டும்.

சவர்க்காரம் வந்த வரலாறு

1888 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புக் கட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. நம் பக்கத்திலும் இத்தொழில் விரைவில் வேரூன்றியது. 1914 இல் சென்னை அரசாங்கம் மலபார் மாவட்டத்துக் கோழிக்கோட்டில் ஒரு சோப்பு நிலையத்தை நிறுவியது. அதற்கு வழிகோலியவர் மீன்வளத் துறையை வளர்த்த சர் பிரெடரிக் நிக்கல்சன். அந்நாளைய சோப்பு எண்ணெயும் காரமும் சேர்ந்த பொருளே. தேங்காயெண்ணெய் நாட்டில் அது செழித்ததில் வியப்பில்லை. அதுவும் மண்ணில் எளிதாகச் சிதையக் கூடியதே.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மாறுதல் வந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுத்த சலவைத்தூள் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1959 இல் சர்ஃப் வந்தது. 1969 இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய நிர்மா, விலை மலிவால் ஏழை வீட்டின் வாயிலிலும் நுழைந்தது. இத்தூள்களுக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. கடின நீரில் சோப்பு நுரைக்காது. நீரிலுள்ள சுண்ண, மக்னீசிய உப்புகளோடு கூடி வெண்ணிறப் பிசுக்காகத் திரண்டுவிடும். சலவைத்தூளோ கடின நீரிலும் நுரைக்கும். மழை குறைந்த கிழக்குச் சிற்றூர்ப் பகுதியில், உப்பு நீர்க் கிணற்றோடு போராடிய பெண்களுக்கு இது பெரும் விடுதலையாகத் தோன்றியிருக்கும் என்பதில் ஐயமில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

ஆனால் விலை வேறோரிடத்தில் கொடுக்கப்பட்டது. தொடக்கக் காலத்துச் சலவைத்தூளை நுண்ணுயிர்களால் சிதைக்க இயலவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளின் மேல் நுரை மலைபோல் எழுந்தது. மேற்கு செருமனி 1961 இல் இதனைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அமெரிக்க உற்பத்தியாளர் 1965 அளவில் எளிதில் சிதையும் பொருளுக்கு மாறினர். நுரை அடங்கியபின் மற்றொரு கேடு வெளிப்பட்டது. தூளில் கலந்த பாஸ்பேட் ஏரிகளில் உரமாகிப் பாசியைப் பெருக்கியது. பாசி அழுகியபோது நீரிலிருந்த உயிர்வளி குறைந்து மீன்கள் மாண்டன. 1972 இல் அமெரிக்காவும் கனடாவும் தம் பேரேரிகளைக் காக்க உடன்படிக்கை செய்து பாஸ்பரசின் வரவைக் குறைக்க முற்பட்டன. துணியில் இருந்த அழுக்கு அழிந்துவிடவில்லை. ஏரிக்கு இடம் மாறிற்று. அதனோடு வேறு அழுக்கும் சேர்ந்து சென்றது.

பிளாச்சிமடை கற்பித்த பாடம்

நீர் கெட்டால் இல்லத் தூய்மை என்னவாகும் என்பதை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. சிற்றூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்னும் ஊர் உள்ளது. 2000 ஆம் ஆண்டில் அங்கே கோக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. சில காலத்தில் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் குறைந்தது. எஞ்சிய நீர் உப்பும் கடினமும் மிக்கதாயிற்று என்று மக்கள் முறையிட்டனர். அந்நீரில் சோறு சரியாக வேகவில்லை. குளித்தால் உடல் அரித்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலையின் வாயிலில் மக்கள் போராட்டம் தொடங்கியது. அதன் முகமாக விளங்கியவர் இரவாளர் குடியில் பிறந்த மயிலம்மா. பள்ளிப் படிப்பு இல்லாத அப்பெண்மணிக்குத் தம் குடத்து நீரின் சுவை மாறியது தெரிந்தது. அதுவே போதுமான கல்வியாயிற்று. ஆலைக் கழிவு உரமென உழவர்க்கு வழங்கப்பட்டதும், அதில் காட்மியம், ஈயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருந்தமையை 2003 இல் பி.பி.சி. வானொலி வெளிப்படுத்தியதும் நாடறிந்த செய்திகள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007 இல் மறைந்தார். 2010 இல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கென 2011 இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவோ குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை.

இப்போராட்டத்தை அரசியல் செய்தியாக மட்டும் படித்தவர் பலர். இல்லத்தின் பக்கமிருந்து நோக்கினால் வேறொரு பொருளும் புலப்படும். எத்துணை உயர்ந்த சோப்பு இருப்பினும், எத்துணை நல்ல பூவந்தி இருப்பினும், கிணறு கெட்டபின் அவ்வீட்டில் தூய்மை இல்லை. தொலைவில் குடத்தோடு நடக்க வேண்டியவளும் அவ்வீட்டுப் பெண்ணே.

எல்லை அறியாத ஆறுகள்

நிலத்தில் எல்லைக்கல் நடலாம். நீரில் நட இயலாது. நம் எல்லையின் ஆறுகள் இதனை அழகாக உணர்த்துகின்றன. கேரளத்து ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாய்பவை கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்றே. அவற்றுள் இரண்டு நம் பகுதிக்கு உரியவை. பவானி நீலகிரிப் பக்கத்தில் தோன்றி அட்டப்பாடி வழியே ஓடித் தமிழ்நாட்டுக்குத் திரும்புகின்றது. பாம்பாறு மறையூர்ப் பள்ளத்தாக்கின் நீரையெல்லாம் திரட்டி, சின்னாற்றோடு கூடி, உடுமலைப்பேட்டைப் பக்கத்து அமராவதி அணையை அடைகின்றது. கோயம்புத்தூர் மக்கள் பருகும் சிறுவாணி நீரைத் தேக்கும் அணை பாலக்காடு மாவட்டத்து மலைகளுக்குள் உள்ளது. 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே தேனிப் பக்கம் பாய்கின்றது.

மறுபுறம் நோக்குவோம். ஆளியாற்று நீர் தமிழ்நாட்டிலிருந்து சிற்றூர்ப் புழைக்கு வருகின்றது. 1970 இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் மணக்கடவு அணையில் 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு உரியது. பாரதப்புழையின் கடைசி ஊர்வரை அந்நீரின் பங்கு உண்டு.

இவற்றை ஒன்றுசேர்த்து எண்ணுவோம். மறையூரில் ஒரு தமிழ்ப் பெண் கலம் கழுவிய நீர் உடுமலையில் உள்ள அவள் தமக்கையின் வயலை அடைகின்றது. பொள்ளாச்சிப் பக்கத்து அண்ணன் வீட்டுச் சாக்கடை சிற்றூரில் உள்ள தங்கையின் குளத்தைச் சேர்கின்றது. மொழியாலும் மணவுறவாலும் எல்லையைக் கடந்து கட்டுண்ட நாம், கழுவிய நீராலும் கட்டுண்டிருக்கின்றோம். ‘நாம் தமிழர், ஓர் இனத்தவர்’ என்று மேடையில் முழங்குவோர், தம் வீட்டுக் கொல்லைப்புறத்துக் குழாயையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று. மலையாள உடன்பிறப்புகளும் அதே நீரைப் பருகுபவர்களே.

மூணாறு என்னும் ஊர்ப்பெயர் மூன்று ஆறுகளால் வந்தது. அவற்றுள் ஒன்றன் பெயர் நல்லதண்ணி. முன்னோர் ஓர் ஆற்றுக்கு இப்பெயரிட்டுச் சென்றனர். அப்பெயர் பொய்யாகாமல் காப்பது நம் தலைமுறையின் கையில் உள்ளது.

பழமையின் குறைகளும் உண்டு

பழமையைப் போற்றுவோர் அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. தூய்மையின் பெயரால் மனிதரைத் தீண்டாதவராக்கிய கொடுமை இந்நாட்டில் இருந்தது. கேரளத்தில் பிறப்பு, இறப்புத் தீட்டு நீங்க வண்ணாத்தி கொணரும் ‘மாற்று’ ஆடை இன்றியமையாததாய் இருந்தது. ஊரார் அனைவரையும் தூயவராக்கிய அவளையோ ஊர் தாழ்த்தியே வைத்தது. மலம் அள்ளும் இழிதொழிலை ஒரு சாரார் மேல் சுமத்திய வழக்கத்தை ஒழிக்க 1993 இலும் 2013 இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று.

பொருள்களிலும் குறை உண்டு. சாணத்தில் ஏற்புவலிக்குக் காரணமான கிருமி இருக்கக்கூடும். காயம் பட்டவரும் பச்சிளங் குழந்தையும் உள்ள இடத்தில் அதனைத் தவிர்த்தல் வேண்டும். பூவந்தி நுரை மீனுக்கு நஞ்சு; அதனாலேயே பழங்குடியினர் சிலர் நுரைக்காய்களைக் குட்டையில் இட்டு மீன் பிடித்தனர். ஆதலின் இயற்கைப் பொருள் என்பதனாலேயே அதனைக் குளத்தில் கொட்டலாகாது. புதியன யாவும் தீயன என்பதும் தவறு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்துக் கிணறுகள் பல சேறுண்டன; எலிக்காய்ச்சல் பரவியது. அப்போது கிணறுகளைக் காத்தது பிளீச்சிங் பவுடரே. நோய் வரும் நாளில் மருந்து வேண்டும். நாள்தோறும் மருந்தையே உணவாகக் கொள்வதுதான் பிழை.

நாம் செய்யத்தக்கன

இவ்வரலாறு நமக்குக் காட்டும் வழிகள் எளியவை. ஒரு கைப்பிடிப் பூவந்தித் தோலைக் கொட்டை நீக்கி இரவில் ஒரு லிட்டர் நீரில் ஊறவைத்து, காலையில் சிறிது கொதிக்கவிட்டு வடித்தால், துணிக்கும் கலத்துக்கும் தரைக்கும் ஆகும் நீர் கிடைக்கும். சில நாட்களுள் அதனைப் பயன்படுத்திவிட வேண்டும். கண்ணில் படாமல் காத்தல் வேண்டும். பித்தளைக்குப் புளியும் உப்பும் இன்றும் போதும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, நீர் பத்துப் பங்கு சேர்த்து மூடிவைத்து, தொடக்கத்தில் நாள்தோறும் சற்றே திறந்து காற்றை வெளியேற்றி வந்தால், மூன்று திங்களில் புளித்த நீர் ஒன்று உண்டாகும். தரையின் கறையையும் குழாயின் உப்புப் படிவையும் அது ஓரளவு நீக்கும்; நோய்க்கிருமிகளை அறவே கொல்லும் என்று மட்டும் நம்பிவிடல் ஆகாது. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர்ச் சர்க்கரையை இதற்கெனச் செலவிட வேண்டா. கடையில் விலை குறைந்த வெல்லமே போதும்!

கடையில் வாங்கும் பொருள்களிலும் அளவு வேண்டும். நுரை மிகுந்தால் தூய்மை மிகும் என்பது விளம்பரம் கற்பித்த மயக்கம். பாதித் தூள் போட்டாலும் துணி வெளுக்கும். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்தலாகாது. சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழுந்து உயிருக்கே இடர் விளைக்கும். கலம் கழுவும் நீருக்கு ஒரு வாழைக்குழி அமைப்பது ஒரு பகல் வேலைதான். 2016 இல் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கத்தின் வழியே வீடுதோறும் வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் பிளாஸ்டிக் உறைகளைக் கழுவி உலர்த்திக் கொடுப்பதும் நம் கடமை. அவர்களை வாயிலில் நிறுத்தி வைக்காமல், ‘வாருங்கள் அம்மா’ என்று முகமலர்ந்து வரவேற்பதும் தூய்மையின் ஒரு பகுதியே.

இவற்றையெல்லாம் பெண்டிர்க்கு மட்டும் உரிய அறிவுரையாகக் கொள்ள வேண்டா. சாம்பலிட்டுத் துலக்கிய நாளில் மகளிர் கைகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். பழைய முறைக்குத் திரும்புவோம் என்று ஆடவர் எழுதுவதும், அதன் உழைப்பைப் பெண்டிர் சுமப்பதும் அறமாகாது. வீடு இருவர்க்கும் பொது எனில் விளக்குமாறும் இருவர்க்கும் பொது.

நம் பெற்றோர் மலையேறி வந்தபோது கொண்டுவந்த உடைமைகள் மிகச் சில. மொழியைக் கொணர்ந்தனர்; வழிபாட்டைக் கொணர்ந்தனர்; விடியுமுன் முற்றம் தெளிக்கும் வழக்கத்தையும் கொணர்ந்தனர். மொழியைக் காக்கச் சங்கம் கண்ட நாம், அவ்வழக்கத்தின் உட்பொருளையும் காத்தல் வேண்டும். அவ்வுட்பொருள் கோலத்தில் மட்டும் இல்லை. கோலமிட்ட வாசலிலிருந்து வெளியேறும் நீர் அடுத்தவர் வாசலைக் கெடுக்காமல் செல்வதில் இருக்கின்றது. இவ்வாண்டு விழா முடிந்து வீடு திரும்பும் ஒவ்வோர் அன்பரும் தம் இல்லத்துக் கழுநீர் செல்லும் வழியை ஒருமுறை நடந்து பார்ப்பாராக. அவ்வழி எந்த ஓடையில் சேர்கிறது, அவ்வோடை யார் குடிக்கும் ஆற்றில் கலக்கிறது என்பதைத் தம் மக்களுக்கும் காட்டுவாராக.

நல்லதண்ணி நல்ல தண்ணீராகவே ஓடுக! எல்லையின் இருபுறத்து மக்களும் அதனைப் பருகி இனிது வாழ்க!